எண்ணெய் விட்ட மாமனாரின் மன்னிப்பு

அன்பு மருமகளுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நான், உன் மாமியார், உன் கணவன் மூவரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அங்கே உன் காதும் நுரையீரலும் அதேபோல் சௌக்கியமாக இருக்க வேண்டும். முக்குளிப்புப் பயிற்சி முகாமில் போன் எடுக்காது என்றாய், அதனால் கடிதம். நாளை மதியப் படகில் வரும் உன் பெட்டிக்குள் இதை வைக்கிறேன். பெட்டியைத் திறந்ததும் முதலில் இதைப் படி, மற்றதைப் பிறகு தொடு.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் திங்கட்கிழமை உன் பரீட்சைக்கு வேண்டிய ஆக்சிஜன் சிலிண்டரையும் அதன் வாயில் மாட்டும் ரெகுலேட்டரையும், உப்புக் காற்று படவேண்டாம் என்று பின் அறையில் விட்டுப்போனாய். "பாத்துக்கோங்க மாமா" என்றாய். பார்த்துக்கொள் என்றால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறவனா நான்? முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். ஆழத்திலிருந்து ஒரேயடியாக மேலே வரக்கூடாது, உடம்பில் சேர்ந்த வாயு வெளியேற அங்கங்கே நின்று நின்று வர வேண்டும், ஆறு மீட்டரில் கடைசி நிறுத்தம், அங்கே மூச்சுக்கு இந்த ஆக்சிஜன், அதற்கும் கீழே இதே ஆக்சிஜன் விஷம், அதனால்தான் சிலிண்டரில் இவ்வளவு பெரிதாக 6 என்று ஒட்டியிருக்கிறது என்று நீ சாப்பாட்டு மேசையில் விளக்கியபோது, வீட்டில் சட்டென்று புரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான். ரெகுலேட்டர் வாங்கவும் என்னைத்தானே கூட்டிப்போனாய். கடைக்காரர் நாலு திருகு வைத்துப் பளபளத்த ஒன்றைக் காட்ட, நீ பாகம் குறைந்த, சாதாரணமான ஒன்றை எடுத்தாய். இருட்டில் கை பட்டாலே, பல்லில் கடித்தாலே ஆக்சிஜன் இதுதான் என்று தெரிய வேண்டும் என்று பச்சைக் குழாயும் முண்டு முண்டாக ஒரு வாய்ப்பிடியும் கேட்டு வாங்கினாய். பாகம் குறைந்தால் பழுது குறையும். என் பையனுக்கு இப்படி ஒரு பெண்ணா என்று அன்றைக்கே எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைதான் வினை. புதன்கிழமை காலையில் பின் அறைக்குப் போனால் ரெகுலேட்டர் மங்கலாக, வறண்டு கிடந்தது. ஒரு மாதத்திலேயே இப்படியா என்று மனசு கேட்கவில்லை. என் எண்ணெய்க்குப்பி உனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு அது சும்மா இருந்ததே இல்லை. ஜன்னல் கொக்கி, பீரோ கதவு, தையல் மெஷின், உன் மாமியாரின் மூக்குக்கண்ணாடி என்று வீட்டில் அசைகிற எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் விட்டிருக்கிறேன். ரெகுலேட்டருக்கும் வாயில் இரண்டு சொட்டு, திருகில் மூன்று சொட்டு விட்டு, சிலிண்டரில் மாட்டி, திறந்து பார்க்கக் கையை வைத்துவிட்டேன். ஆனால் எந்த மெஷினையும் விவரம் தெரிந்தவனைக் கேட்காமல் நான் ஓட்டியதில்லை. முக்குளிப்புச் சாமான் சர்வீஸ் செய்கிறவருக்குப் போன் போட்டேன்.

"எண்ணெய் இவ்ளோ போதுமா தம்பி?"

"என்ன எண்ணெய் சார்?"

"லிஃப்டுக்கு விடுறதுதான்."

"சார், வால்வைத் தொறந்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"கைய எடுங்க. எல்லாரையும் கூட்டிட்டு வெளிய போங்க. ஆக்சிஜன்ல எண்ணெய் பட்டா குப்புனு பத்திக்கும்."

அப்புறம் நடந்ததைக் கேள். ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்த உன் கணவனை நாற்காலியோடு மாடிப்படி வரை தள்ளிக்கொண்டு வந்தேன். கீழ்வீட்டுக்காரர் பாதி முகம் சவரம் செய்தபடி தெருவுக்கு வந்து, "லிஃப்டே இல்லாத வீட்லயும் எங்கள எறக்கி விட்டுட்டீங்களே சார்" என்றார். உன் மாமியார் மட்டும், "நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்று காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்ன தைரியம் பார். சர்வீஸ்காரர் வந்து ரெகுலேட்டரைப் பார்த்துவிட்டு, "இது ரொம்பப் பழசு சார்" என்றார். போன மாதம்தான் வாங்கினோம் என்று சண்டை பிடித்தேன். சிலிண்டரைத் தட்டிப் பார்த்து, காலி என்றார். நிரப்ப மறந்திருக்கிறாய். போகட்டும், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சிலிண்டர் வாயைத் துடைத்துக்கொடுத்துவிட்டு ரெகுலேட்டரைக் கடைக்குக் கொண்டுபோய், கழற்றி, கழுவி, ரப்பர் வளையமெல்லாம் மாற்றி, இன்றைக்குத்தான் கொடுத்தார்.

தெருவில் நின்றபோது, மருமகளே, நான் கேட்காமல் விட்டிருந்தால், உன் முகத்துக்கு நேராக அது பற்றியிருந்தால் என்று நினைத்து அழுதேவிட்டேன். என்னை மன்னித்துவிடு. இனி உன் சாமான் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன்.

உன் பரீட்சை நல்லபடி முடியட்டும். இறங்கும்போது நிதானமும் ஏறும்போது பொறுமையும் உன்கூடவே இருக்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதை உன் மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான் எண்ணெய் விட்டது நீ தூக்கிப்போட வைத்திருந்த பழைய ரெகுலேட்டராமே. "மாமா கைக்கு ஏதாவது குடுத்தாத்தான் மத்தது தப்பிக்கும் அத்தை" என்று சொல்லி, பச்சைக் குழாய் ஒன்றை அதில் மாட்டி, காலி சிலிண்டரோடு வைத்துப் போனாயாமே. நிரப்பிய சிலிண்டர் உன்னிடமே இருக்கிறதாமே. புது ரெகுலேட்டர் பீரோவில் அடித்தட்டில், வெள்ளைப் பையில் பத்திரமாக இருக்கிறதாம். ஒரு மனுஷனை இப்படியா ஏமாற்றுவது? என் மன்னிப்பையும் கண்ணீரையும் திருப்பி அனுப்பிவிடு.

இன்னொன்று: சனிக்கிழமை காலை. சர்வீஸ்காரர் கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். புது ரெகுலேட்டரைப் பெட்டியில் வைக்கலாம் என்று உன் மாமியார் பீரோவைத் திறந்தாள். இத்தனை வருஷம் கத்திய கதவு சத்தமே போடவில்லை. போன வாரம் அதன் கீலுக்கு நான் தாராளமாக விட்டதுதான் காரணம். மிச்சமெல்லாம் உள்பக்கமாக ஒழுகி வெள்ளைப் பையில் இறங்கியிருக்கிறது. சர்வீஸ்காரர் எதுவும் கேட்கவில்லை, கையை மட்டும் நீட்டினார். மதியப் படகு கிளம்புவதற்குள் முடித்துவிடுவாராம். ஆகையால் என் மன்னிப்பைத் திருப்பி அனுப்பவேண்டாம். ஒரு எழுத்துகூட மாற்றாமல் வைத்துக்கொள், ரெகுலேட்டரை மட்டும் மாற்றி வாசி.