நூற்றெட்டுக் குல்லாய்

காவிரியில் இடுப்பளவு நீரில் நின்று சத்தியம் செய்யத்தான் ஆசை. மே மாதமானதால் ஆற்றில் மணல்தான் இருக்கிறது. ஆகவே அம்மா மண்டபத்துப் படிக்கட்டின் கீழே சுடுமணலில் செருப்பில்லாமல் நின்று சொல்கிறேன்: கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. உள்ளங்காலில் வந்த கொப்புளத்தை யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம்.

உலகத்தின் குளிரை நீக்கும் பொறுப்பு திருச்சிராப்பள்ளியைத் தவிர வேறு எந்த ஊருக்குப் பொருந்தும்? நாற்பத்தொரு டிகிரி வெயிலில் வெந்தவனுக்கல்லவா குளிரின் அருமை தெரியும்! இந்த உயரிய தத்துவத்தின் பேரில்தான் போன வருடம் எங்கள் 'சேஷசயனம்' அடுக்ககத்தில் 'அகில உலகக் குளிர் நிவாரண சேவா சமிதி' தொடங்கப்பட்டது. உறுப்பினர்கள் பதினொருவர். தலைவி அனுசுயா மாமி. பொருளாளர், ஓய்வுபெற்ற சர்வேயர் அழகிரி. செயலாளர் அடியேன்.

ஸ்காட்லாந்தில் ஒரு தொண்டு நிறுவனம், பிறந்த குழந்தைகளுக்குக் கம்பளிக் குல்லாய் பின்னி அனுப்பும்படி உலக மக்களைக் கேட்டிருந்தது. மாமியின் மகன் இந்தச் செய்தியை அமெரிக்காவிலிருந்து வாட்ஸப்பில் அனுப்பினான். அன்றே அவசரக் கூட்டம். நூற்றெட்டு திவ்ய தேசத்தை உத்தேசித்து நூற்றெட்டுக் குல்லாய் அனுப்புவதென்று ஏகமனதாகத் தீர்மானம்.

சுற்றளவு பதின்மூன்று அங்குலம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. ஆனால் அளந்து பார்க்க ஒரு தலை வேண்டுமே? எங்கள் அடுக்ககத்தில் எழுபது வயதுக்குக் குறைந்த தலை கிடையாது. அழகிரி டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கடைசியில் மாமியின் பூஜையறையில் இருந்த தேங்காய் பதின்மூன்று அங்குலத்துக்கு அப்பழுக்கில்லாமல் சரியாக இருந்தது.

"குடுமியைப் பிச்சுட்டு அளந்தா இன்னும் துல்லியமா வரும், மாமி" என்றார் அழகிரி.

"நன்னாயிருக்கே! மொட்டைத் தேங்காயை வச்சுண்டு யாராவது நல்ல காரியம் ஆரம்பிப்பாளா? குடுமியோடயே இருக்கட்டும்."

"அப்ப குடுமி எங்க போகும்?"

"மேலே ஒரு ஓட்டை விட்டுடுங்கோ."

கூட்ட அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த மயிலம்மாள் நிமிர்ந்தாள். அடுக்ககத்தில் துப்புரவு வேலை பார்ப்பவள். சின்ன வயதில் கன்னியாஸ்திரிகள் விடுதியில் வளர்ந்தவள். அதனாலோ என்னவோ, கேட்காமலே கருத்துச் சொல்லும் பழக்கம் உண்டு.

"மாமி, பச்சப் புள்ளைக்கு உச்சந்தலதாங்க மூடணும். அங்கதான் குளிரு எறங்கும்."

"உன்னை யாருடி கேட்டா? அளவுன்னா அளவுதான்."

அளவுப்படியே சமிதி பின்னியது. அக்னி நட்சத்திரத்தில், மின்சாரம் போன மதியங்களில், கம்பளி நூல் தொடையில் ஒட்டிக்கொள்ள, சமிதி பின்னியது. உறுப்பினர்கள் ஊசியும் கையுமாக எடுத்துக்கொண்ட படங்கள் மட்டும் இருநூற்றுப் பத்து. இருபத்தேழாம் நாள் நூற்றெட்டாவது குல்லாயும் முடிந்தது. மிச்ச நூலையும் ஊசிகளையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை மாமி தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டார். நிர்வாகம் என்றால் இது!

மறுநாள் காலை பார்சல் அனுப்பும் நாள். மயிலம்மாள் கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றாள்.

"மாமி, எம் பொண்ணுக்கு நேத்து பிரசவம் ஆயிடுச்சுங்க. எட்டு மாசத்துலயே. பையன். ஒண்ணரைக் கிலோதான் இருக்கான். ஏசி போட்ட ரூம்புல வச்சிருக்காங்க. தல குளுந்துறக் கூடாது, குல்லா கொண்டாங்கன்னு நர்சம்மா சொல்றாங்க. ஒரே ஒரு குல்லா குடுங்க. ஓட்டைய நான் தைச்சுக்கறேன்."

நாங்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். உடனே குழு கூடிப் பரிசீலித்தது.

"குடுக்கலாம்தான். ஆனா நூத்தியேழுன்னு ஆயிடுமே" என்றார் அழகிரி.

"நூத்தியேழுக்கு என்ன கணக்கு இருக்கு? எந்தப் பெருமாளை விடறது, சொல்லுங்கோ பார்ப்போம்!" என்றார் மாமி.

"அப்ப மிச்ச நூலு ஒரு உருண்டையும் ஊசியும் குடுங்க, மாமி. மத்தியானத்துக்குள்ள நானே..."

"நீயே என்ன? அது சமிதி சொத்துடி. உலகத்துக்குன்னு சங்கல்பம் பண்ணினதை உள்ளூர்ல எடுத்துக் குடுக்கப்படாது."

உள்ளூர்க் குழந்தைக்குக் குளிர் நிவாரணம் வழங்கச் சமிதி விதிகளில் இடமில்லை என்பதை அடியேன் நிகழ்ச்சிக் குறிப்பில் பதிவு செய்தேன். பெயரே 'அகில உலக' என்றுதானே இருக்கிறது? பிறகு மயிலம்மாள் மூட்டையைத் தூக்கி ஆட்டோவில் வைத்து, மூட்டையோடு அவளும் ஏறிக்கொண்டாள். எனக்கு முதுகுவலி.

தபால் ஆபீஸ் வாசலில் பார்சல் தைப்பவர் காஜா மைதீன் பாய். வளைகுடாவுக்குப் போகும் நார்த்தங்காய் முதல் கல்யாணப் பத்திரிகை வரை அவர் கை படாமல் கடல் தாண்டியதில்லை. ஒரு குல்லாயை எடுத்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"என்ன சார் இது? காபி வடிகட்டறதா?"

"குழந்தைக் குல்லாய், பாய்."

"யா அல்லா. புள்ளைக்குத் தலையில கொம்பா சார் இருக்கு?"

பாய் வெள்ளைத் துணியை விரித்து, முதலில் மையால் விவரத்தை இங்கிலீஷில் எழுதினார்: 'அன்பளிப்பு. வணிக மதிப்பு ஏதுமில்லை.' மூட்டையைச் சுற்றிப் பார்த்தால் துணி அரை முழம் போதவில்லை. அதை ஒதுக்கிவிட்டு வேறு துணி எடுத்தார். அப்போதுதான் மயிலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைப்பதைக் கண்டார்.

"ஏம்மா, என்னாச்சு?"

அவள் சொன்னாள். பாய் என் பக்கம் திரும்பினார்.

"சார், அங்க இருக்கறவன் உக்காந்து எண்ணவா போறான்? ஒண்ணு குடுங்க சார். உங்களுக்கும் பேரப்புள்ளைங்க இருக்கில்ல?"

"தீர்மானம் போட்டாயிற்று, பாய்."

பாய் ஒதுக்கிய துணியை நாலாக மடித்து மயிலம்மாளிடம் காட்டினார். "கழுத்துல கட்டுற மாதிரி குல்லா தைச்சுத் தரவா? இரும்மா, ரெண்டு நிமிசம்." வரிசையில் எங்கள் சர்வதேச மூட்டை காத்திருக்க, அவர் உட்கார்ந்து அந்தத் துணியில் ஒரு சின்னக் குல்லாய் தைத்தார். ஓட்டை வைக்க மறந்துவிட்டார்.

நாலு நாள் கழித்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளப் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது, கண்ணாடி வழியாக அந்தக் குழந்தையைப் பார்த்தேன். கொதிக்கவைத்து அலசியும் பாயின் மை போகவில்லை. உள்ளங்கை அளவு முகம். அதன் நெற்றிக்கு மேலே, வளைந்த எழுத்தில், 'வணிக மதிப்பு ஏதுமில்லை.'

ஆகஸ்டில் ஸ்காட்லாந்திலிருந்து கடிதம் வந்தது. 'நீங்கள் அன்போடு அனுப்பிய நூற்றெட்டு டீ ஜாடி உறைகள் கிடைத்தன. மூடியின் குமிழ் வெளியே வருவதற்காக உச்சியில் ஓட்டை விட்டிருக்கும் நுணுக்கத்தை வியக்கிறோம். முதியோர் இல்லங்களுக்கு வழங்கிவிட்டோம். இனி எங்கள் டீ ஆறாது.'

மாமி அதை லேமினேட் செய்து லிஃப்டில் ஒட்டினார். பாராட்டு விழா நடந்தது. பதினொருவருக்கும் பொன்னாடை. 'கடல் கடந்த கருணை விரல்கள்' என்று அழகிரி பேசியபோது மாமி தம் விரல்களைத் தாமே பார்த்துக் கண்கலங்கினார். மயிலம்மாள் காபி கொடுத்தாள். அடுத்த வருடம் ஆயிரத்தெட்டு என்று தீர்மானம் நிறைவேறியதும் அவளும் கைதட்டியிருக்கலாம். கையில் தட்டு இருந்தது.

கொப்புளத்தின் மேல் ஆணையிட்டு எழுதியதால் ஒரு பிழைதிருத்தத்தோடு முடிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பதினொருவரில் ஒருவருக்கும் ஊசி பிடிக்கத் தெரியாது. மேலே 'சமிதி பின்னியது' என்று வரும் இடங்களிலெல்லாம் 'மயிலம்மாள் பின்னினாள்' என்று திருத்திப் படிக்கவும்.