கிளீவ்லாந்துக்குக் கடைசி இடம்

கிழக்குப் பிரிவில் மொத்தம் பதினைந்து அணிகள். ஆரின் ஹால்வர்சனின் பட்டியலில் பதினாறு இருந்தன.

அலுவலகத்தில் கொடுத்த கணிப்புப் போட்டித் தாளின் அடியில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் முப்பது அணிகளின் பெயர்களும் கலந்து கிடந்தன. கிழக்குப் பிரிவைப் பொறுக்கியெடுத்து, வரப்போகும் சீசனில் யார் முதல், யார் கடைசி என்று வரிசைப்படுத்த வேண்டும். ஆரினுக்குக் கூடைப்பந்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அது உயரமானவர்கள் ஆடுவது என்பதுதான். சுவரில் தொங்கிய வரைபடத்தை ஓரக்கண்ணால் பார்த்து எழுதினார். மேலாளர் டாரோதியா பக்கத்திலேயே நின்றதால் போனில் தேடவும் வழியில்லை.

"பாஸ்கெட்பால் பார்ப்பீங்கல்ல, ஆரின்?" என்று அவள்தான் கேட்டிருந்தாள்.

"உயிர்!" என்று சொல்லிவிட்டார்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுச்சீட்டுகளில் பிழை பார்க்கும் அலுவலகம் அது. மணமுறிவுக்குப் பிறகு வடக்கு டகோட்டாவிலிருந்து ஜூனில் கிளீவ்லாந்துக்கு வந்து சேர்ந்தார். நான்கு மாதமாகக் காற்புள்ளியைத் தவிர வேறெதைப் பற்றியும் யாரும் அவரிடம் பேசியதில்லை. அவரும் பேசியதில்லை. போன சனிக்கிழமை முழுக்க அவர் வாயிலிருந்து வந்தது, கடைக்காரரிடம் சொன்ன "பை வேண்டாம்" மட்டும்தான்.

பதினாறில் ஒன்றைக் கழிக்க வேண்டும். வரைபடத்தில் மயாமி கிட்டத்தட்ட கடலுக்குள் இருந்தது. அதை அடித்துவிட்டுக் கொடுத்தார்.

டாரோதியா அதை உணவறைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

மறுநாள் மதியம் ஆரின் வழக்கம்போல ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து சூப்பைத் திறந்தார். எதிரே ஒரு நாற்காலி இழுபட்டது. மிலான், பக்கத்து மேசைக்காரன், சாண்ட்விச்சோடு உட்கார்ந்தான்.

"என்னய்யா இது, மயாமியைக் காணோம்? கடல்ல தள்ளிட்டியா?"

"அது... வேணும்னுதான்."

"சரி, மெம்பிஸ் எங்கிருந்து வந்துச்சு?" மிலான் உள்ளங்கையில் கிறுக்கியிருந்ததை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "அது மேற்குப் பிரிவாச்சே!"

ஆரினுக்குக் காது சூடானது. அன்று மாலை போனில் தேடிப் பார்த்தார். ஒரே எண்களாக வந்தன, ஒன்றும் புரியவில்லை. வண்டி நிறுத்துமிடத்தின் காவல் கூண்டில் ரோஸெட்டா இருந்தாள். அவள் தலையில் எப்போதும் உள்ளூர் அணியின் தொப்பி. கூச்சத்தை விட்டு அவளிடமே கேட்டார்.

"மெம்பிஸ் கிழக்கேதானே இருக்கு?"

"வரைபடத்தைப் பார்த்து பாஸ்கெட்பால் ஆட முடியாது, கண்ணு. அதைத் தூக்கிட்டு மயாமியைப் போடு."

போட்டார். ஆனால் கடைசியில் இருந்த மெம்பிஸை எடுத்து மயாமியை நடுவில் நுழைத்ததில் கீழிருந்தவை ஒவ்வொரு படியாக இறங்கி, பதினைந்தாவது இடத்தில் வந்து நின்றது கிளீவ்லாந்து.

அடுத்த மதியம் இரண்டு நாற்காலிகள் இழுபட்டன.

"நம்ம ஊர் கடைசியா?" டாரோதியா மேசையைத் தட்டினாள். "இந்த ஊர்த் தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இப்படி எழுத எப்படி மனசு வந்துச்சு?"

"அவங்க... அவங்க ரொம்பக் குள்ளம்" என்றார் ஆரின்.

"குள்ளமா? நம்ம ஆளுங்க வாசல் நிலையில தலை இடிச்சுக்கிட்டுல்ல உள்ள வர்றாங்க!" என்றான் மிலான்.

மணி ஒன்றாகும்வரை கத்தினார்கள். ஆரினும் பதிலுக்குக் கத்தினார். எழுந்தபோது சூப் ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தார். நான்கு மாதத்தில் முதல்முறையாக அதற்கு ருசி இருந்தது.

ஆனால் வீடு திரும்பியதும் பயம் வந்துவிட்டது. ஊரே தன்னை வெறுத்துவிட்டால்? காலையில் முதல் வேலையாகக் கிளீவ்லாந்தை முதல் இடத்துக்கு ஏற்றினார்.

மதியம் டாரோதியா குளிர்பெட்டி முன் நின்று படித்தாள். "இப்பச் சரியா இருக்கு, ஆரின்" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டாள். மிலான் உள்ளங்கையைப் பார்த்தான், பட்டியலைப் பார்த்தான், வேறு மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

எதிர் நாற்காலி அசையவேயில்லை. சூப் சூடாக இருந்தது. அதைப் பாதியிலேயே மூடிவிட்டார்.

மறுநாளும் அப்படியே. வரும் திங்கட்கிழமைதான் முதல் ஆட்டம். அதற்குப் பிறகு பட்டியலைத் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் கிளம்பும்வரை காத்திருந்து, ஆரின் கிளீவ்லாந்தை அடித்துவிட்டு, கடைசி இடத்தில் கொட்டை எழுத்தில் எழுதினார். பிறகு நேரே கூண்டுக்குப் போனார்.

"ரோஸெட்டாம்மா, நம்ம அணி கடைசியா வரும்னு சொல்றதுக்கு ஒரு நல்ல காரணம் சொல்லுங்க. ஒரு மணி நேரம் சண்டை போடுற மாதிரி."

ரோஸெட்டா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதுக்கு, கண்ணு? நீதான் முதல் இடம் கொடுத்துட்டியே."

"அதனாலதான் யாரும் சண்டைக்கே வரல."

"நேத்து மிலானும் இங்க வந்து இதைச் சொல்லித்தான் புலம்பினான். உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் பந்து உருண்டையா சதுரமான்னுகூடத் தெரியாது கண்ணு, டாரோதியாவும் அவனும் வந்து 'ஜன்னலோரம் தனியா உட்கார்ந்து சாப்பிடுறாரே, அவர்கிட்ட எதைப் பேசுறது'ன்னு கேட்டாங்க, 'பாஸ்கெட்பாலைப் பேசுங்க'ன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."