கல்லின் காதில் புழு

கோவளம் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கடல் பார்க்கப் போகிறார்கள் என்று கண்டக்டர்கள் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துக் கோடையில் அந்த நம்பிக்கை போயிற்று. இறங்குகிறவர்களில் பாதிப் பேர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள். மீதிப் பாதி, அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்தவர்கள். எல்லோரும் மணலில் கால் புதைய நடந்து போய்ச் சேர்ந்த இடம், அலைக்குப் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. உள்ளே புழுச்சித்தர்.

சித்தருக்கு முன்பு துரை என்று பெயர். மீன் ஏலத்தில் ஐஸ் பெட்டி தூக்கினார் என்று பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். காது மந்தமோ, இரைச்சலோ, குடைச்சலோ, அவர் கண்ட காரணம் ஒன்றுதான்: உள்ளே புழு. வைத்தியமும் ஒன்றுதான். தட்டில் தண்ணீர், நடுவே செங்கல், செங்கல்மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பு, அதன்மேல் எண்ணெயில் புரட்டிய கண்டங்கத்திரி விதை. புகை கிளம்பியதும் ஓட்டைச் சட்டியைக் கவிழ்த்து, ஓட்டையில் மூங்கில் குழாயைச் செருகி, மறுமுனையைக் காதில் வைப்பார். புகை ஏறும், புழு இறங்கும். சட்டியைத் தூக்கினால் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக மிதக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

சித்தர் பிரம்மச்சாரி வேறு. பெண் முகம் பார்க்கமாட்டார். பெண்களுக்கென்று ஒரு திரை, திரையில் ஒரு துவாரம், துவாரத்தில் காது மட்டும். இந்த ஒழுக்கத்தைக் கண்டு உருகாத நெஞ்சம் செங்கல்பட்டு வட்டாரத்தில் இல்லை.

உருகியவர்களில் ஒருவர் சதாசிவம். சாமானியர் இல்லை. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். குடியிருப்பு மன்றத்தில் வருஷம் தவறாமல் மூடநம்பிக்கையைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறவர். ராகுகாலத்தில் மட்டும் கிழிக்கமாட்டார்.

அவருடைய வலது காது கொஞ்சம் கொஞ்சமாகக் கதவைச் சாத்திக்கொண்டது. வெளிச் சத்தம் குறையக் குறைய, உள்ளே ஒரு ரயில் ஊதத் தொடங்கியது. எந்த ஸ்டேஷனிலும் நிற்காத ரயில். யாராவது பேசினால் தலையாட்டிவிட்டு வருவார். எதற்கு ஆட்டினார் என்பதை மனைவி பார்வதம் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் தெரிந்துகொள்வார். ஒரு தடவை எதிர்வீட்டு இழவுச் செய்திக்கு "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டார்.

பார்வதம் அவரைச் செங்கல்பட்டில் காது வைத்தியர் சாராளிடம் அழைத்துப் போனார். அந்த அம்மாள் சோதித்துவிட்டுப் படம் போட்டுக் காட்டினார்.

"காதுக்குள்ள கடைசியா இருக்கிற குட்டி எலும்பு இறுகிப்போச்சு. அதை எடுத்துட்டு ஒரு சின்ன பிஸ்டன் வைக்கணும். கேட்கிறது நல்லா கூடும்னு எதிர்பார்க்கலாம்."

"ரயில்?"

"நிறைய பேருக்குக் குறையுது. சிலருக்கு அப்படியே இருக்கும். அபூர்வமா ஒருத்தருக்கு ரெண்டுமே மோசமாவும் போகலாம். சத்தியம் பண்ணித் தரமுடியாது சார்."

சதாசிவத்துக்கு முகம் விழுந்துவிட்டது. ஆபீசில் எந்த அளவைக் குறித்தாலும் பக்கத்தில் 'இவ்வளவு கூடலாம், குறையலாம்' என்று எழுதாவிட்டால் உதவியாளரை வறுத்தெடுக்கிற மனிதர் அவர். கூடலாம் குறையலாம் என்று சொல்கிற டாக்டர் என்ன டாக்டர் என்று வழிநெடுக முனகினார்.

மறுநாள் மீன்கூடையோடு வந்த கன்னியம்மா வழி சொன்னாள். தனக்கும் காதில் இரைச்சல் என்றும், சித்தர் புழு எடுத்ததைத் தன் இரண்டு கண்ணால் பார்த்ததாகவும் சொன்னாள். இரைச்சல் போனதா என்று கேட்கச் சதாசிவத்துக்குத் தோன்றவில்லை. அறிவியல் மனசு, கண்ணால் பார்த்த சாட்சி போதும்.

போனார். புகை ஏறியது. புழு இறங்கியது. ஆச்சரியம், கொட்டகையில் இருந்தவரை ரயிலைக் காணோம். கல்பாக்கம் திரும்பி, கதவைச் சாத்திப் படுத்தால் ஊதிக்கொண்டு வந்து நின்றது. மறுபடியும் ஓடினார்.

"முட்டை உள்ள கீது நைனா" என்றார் சித்தர். மூன்றாம் தடவை இன்னும் நுட்பமாகச் சொன்னார்: "ஜோடிப் புழு அந்தாண்ட காதுக்குப் பூட்ச்சு. அமாவாசைக்கு வா, நல்ல காதுக்கும் பொகை போட்டுடலாம்."

சதாசிவம் சும்மா நம்பவில்லை. புழுக்களை பிலிம் சுருள் டப்பாவில் கொண்டுபோய் ஆபீஸ் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கால் இல்லை, வாய் இல்லை, கண் இல்லை. வேறொருவனாக இருந்தால் இது புழுவே இல்லை என்று முடிவு கட்டியிருப்பான். சதாசிவம், உலகம் இதுவரை அறியாத புழு இனம் என்று முடிவு கட்டினார். தன் பெயரை அதற்கு வைக்கலாமா என்றும் யோசித்தார்.

பார்வதம் சாராளுக்கு போன் பண்ணினார். சூட்டுப் புகையில் செவிப்பறை வெந்துவிடும், இருக்கிற ஒரு காதைக் காப்பாற்றுங்கள் என்று டாக்டர் சொன்னார். கணவரிடம் வாதாடிப் பயனில்லை. வாதம் காதில் விழாது. பார்வதம் நேரே மாமல்லபுரம் போனார், ஒரு சிற்பக் கூடத்துக்கு.

அமாவாசையன்று கொட்டகை நிறைந்து வழிந்தது. சதாசிவம் இடது காதைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். அப்போது இரண்டு பேர் ஒரு நாற்காலியைத் திணறித் திணறித் தூக்கி வந்து, திரைக்குப் பின்னால் இறக்கினார்கள். நாற்காலியில் தலையோடு முக்காடு போட்ட உருவம். பக்கத்தில் பார்வதம், துணைக்குக் கன்னியம்மா.

"எங்க அக்கா, சாமி. நடக்கமாட்டா, பேசமாட்டா. கூப்பிட்டா திரும்பறதே இல்லே."

துவாரத்தில் கறுத்த காது ஒன்று தெரிந்தது. சித்தர் புகைமூட்டத்தில் தொட்டுப் பார்த்தார். "ஒடம்பு சில்லுனு கீதே, வாதமா?" என்று இரக்கப்பட்டு, குழாயை வைத்தார். பிறகு சட்டியைத் தூக்கினார். அடேயப்பா, இதுவரை யாருக்கும் வராத அளவு.

"பத்து வருசத்துப் புழு" என்றார் சித்தர். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. முதலில் போட்டுக்கொண்டவர் சதாசிவம்.

"கன்னியம்மா, அந்தத் திரையை இழு" என்றார் பார்வதம்.

இழுத்தாள். முக்காடும் கையோடு வந்துவிட்டது. நாற்காலியில் ஒரு கருங்கல் அம்மன், மார்பளவு. முகவேலை முடிந்திருந்தது. காது செதுக்கியிருந்ததே தவிர, துளை இன்னும் போடவில்லை.

கூட்டம் கன்னத்திலிருந்து கையை எடுத்தது. சித்தர் தொழில் தெரிந்தவர்; உடனே கையை மேலே தூக்கினார். "கல்லுக்குள்ள தேரைக்கே சோறு போடறான் ஆண்டவன். புழு வெக்கமாட்டானா?"

பேச்சில் நியாயம் இருக்கிறதே என்று ஒரு கணம் நினைத்தவர் கூட்டத்தில் ஒரே ஒருவர்தான். அவர் பெயரைத் திரும்பச் சொல்வானேன்.

கன்னியம்மா இடுப்பில் கைவைத்தாள். "சரி, புழு வந்துடுச்சில்ல? இப்போ அந்தம்மாவுக்குக் காது கேக்குதான்னு கேளு."

சித்தரின் பார்வை பின்பக்கக் கீற்றுக்குப் போயிற்று. கன்னியம்மா ஒரு பிடி விதையை எடுத்து இரும்பில் போட்டுச் சட்டியைக் கவிழ்த்தாள். குழாய் இல்லை, காதும் இல்லை. தூக்கினாள். புழு மிதந்தது. சூட்டில் விதை வெடித்து, உள்ளே இருந்த வெள்ளை முளை தண்ணீரில் தெறித்திருந்தது.

"விதைதான்யா. என் காதுல இன்னா எடுத்தே நீ, பேமானி?" என்று அவள் திரும்பியபோது, சித்தர் பின்பக்கக் கீற்றைப் பிரித்துக்கொண்டு மணலில் ஓடிக்கொண்டிருந்தார். ஐஸ் பெட்டி தூக்கிய கால், நல்ல வேகம்.

மறுபடி செங்கல்பட்டுக்குப் போனபோது சாராள் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கொட்டகையில் இரைச்சல் நின்றது எப்படி என்று சதாசிவம் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பக்கத்துல அவ்வளவு பெரிய கடல் இரையும்போது, உங்க காது இரைச்சல் எங்கே சார் தெரியும்?"

புகைப்புண் ஆறியபின் ஆபரேஷன் நடந்தது. சில வாரங்களில் குக்கர் விசில் கேட்டது, காக்கை கேட்டது. தன்னைப்பற்றிப் பார்வதம் அடுப்படியில் வருஷக்கணக்காக முணுமுணுத்து வந்ததும் கேட்டது. அதற்குத் தனியாக வைத்தியம் இல்லை. ரயில் போய், ஒரு கொசு மிஞ்சியது. டாக்டர் சொன்ன 'குறையலாம்' அதுதான்.

அந்த வருஷம் மன்றக் கூட்டத்தில் சதாசிவம் இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார், நுண்ணோக்கி உட்பட. ராகுகாலத்திலேயே சொன்னார். கேட்டு முடித்ததும் முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"அப்போ ஆபரேஷன் பண்ணியும் கொசு போகலையா? அச்சரப்பாக்கத்துல ஒருத்தர் பல்லுலேர்ந்து புழு எடுக்கறாராம் சார். நூத்துக்கு நூறாம். காதுக்கும் பார்ப்பாரான்னு கேட்டுப் பார்க்கலாமே."

நாலைந்து பேர் விலாசம் குறித்துக்கொண்டார்கள்.

கல்லின் காதிலிருந்துகூடப் புழு எடுத்துவிடலாம், ஐயா. மனுஷன் தலைக்குள் யோசனையை ஏற்றத்தான் இன்னும் ஒரு மூங்கில் குழாய் வரவில்லை. அதை அவரவர்தான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.