இரண்டு அரை ஆட்கள் அருவிக்குப் போனது

குற்றாலம்,
ஆனி கடைசி வெள்ளி, 1961.

மதுரையில் சீரும் சிறப்புமாக வாழும் மாப்பிள்ளை குத்தாலிங்கம் அவர்களுக்கு, ஒரு பக்கம் மட்டும் சௌக்கியமாக இருக்கும் மாமனார் தில்லைநாயகம் எழுதிக்கொண்டது. தங்கள் நலமும் மகள் இராமலட்சுமியின் நலமும் அறிய ஆவல். என் நலம் வேண்டுமென்றால், உடனே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகவும்.

பக்கவாதம் வந்து என் இடது கையும் காலும் விழுந்ததும், நல்ல காற்று, நல்ல வைத்தியம் என்று சொல்லித் தாங்கள்தான் இந்த முதியோர் விடுதியில் சேர்த்தீர்கள். காற்று வருகிறது, கூரை ஓட்டைப் பிரிக்கிற காற்று. வைத்தியம் என்னவென்றால், நர்ஸ் சுகிர்தம் காலையில் என்னை இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவே நிறுத்தி "லெஃப்ட், ரைட்" சொல்கிறாள். தென்காசிப் பள்ளிக்கூடத்தில் ஆயுசெல்லாம் டிரில் மாஸ்டராக இருந்தவனுக்கு! "ஏட்டி, எனக்கே டிரில் சொல்லித்தாரியா?" என்று கேட்டேன். "பிள்ளையளுக்குச் சொன்னத நீங்களும் கொஞ்சம் கேளுங்க ஐயா. கால இழுக்காதீய, தூக்கி வைங்க" என்றாள். அது முடிந்தால் இடது கையால் புளியங்கொட்டை பொறுக்கிக் கிண்ணத்தில் போட வேண்டும். போட்டு முடித்ததும் அவளே மறுபடி தரையில் கொட்டிவிடுவாள்.

என் அறையில் கூட இருப்பவர் வடகரை நூல் வியாபாரி துல்கர்னைன். அவருக்கு வலப்பக்கம் விழுந்ததோடு பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது "நாளைக்கு" என்ற ஒரே சொல். காப்பி வேணுமா என்றால் நாளைக்கு, வலிக்குதா என்றாலும் நாளைக்கு. "என் மாப்பிள்ளை எப்ப வாராரு பாய்?" என்று கேட்டாலும் அதேதான். அதை நம்பி நான் தினமும் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த லட்சணத்தில் சாரல் பிடித்துவிட்டது. ஊரே எண்ணெய் வழிய அருவிக்குப் போவதை நாங்கள் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தோம். "சட்டப் பித்தான அவரவர் போட்டாக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் சுகிர்தம். என் வலது கையும் அவர் இடது கையுமாகச் சேர்ந்து ஒரு சட்டையைப் பூட்டிக் காட்டினோம். அது செல்லாது என்றுவிட்டாள். அந்தக் கோபத்தில், நேற்று மத்தியானம் அவள் சாப்பிடப் போன சமயம், தோளில் கைபோட்டு இரண்டு பேரும் கிளம்பிவிட்டோம். அவர் கால் ஒரு பக்கம் போகும், என் கால் ஒரு பக்கம் போகும், கடைசியில் நடுரோட்டில் நானே லெஃப்ட், ரைட் சொல்ல வேண்டியதாயிற்று.

அருவியில் எண்ணெய் தேய்க்கும் முப்பிடாதி, "ஏலே, பெரியவங்க வாராங்க, வழி விடுங்கலே" என்று கூட்டத்தை ஒதுக்கி எங்களை ஓரத்தில் நிறுத்தினார். தலையில் தண்ணீர் விழுந்ததும் துல்கர்னைன் பச்சைப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். மறுகணம் வழுக்கினார். என் வலது கை கம்பியைப் பிடித்திருந்தது. எப்படி என்று தெரியவில்லை, இடது கை பாய்ந்துவிட்டது. ஆனால் அது பிடித்தது அவரை அல்ல, அவர் இடுப்பில் கட்டியிருந்த கைலிச் சாரத்தை. "விடுலே! சாரத்த விடுலே!" என்று அருவிச் சத்தத்துக்கு மேலே ஒரு குரல். பார்த்தால், துல்கர்னைன்! மானம் அவர் கவலை, உயிர் என் கவலை. முப்பிடாதி வந்து அவரைத் தூக்கும்வரை நான் விடவில்லை. சுகிர்தம் ஓடி வந்து திட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே என் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவ்வளவு இறுக்கம்.

இரண்டு நோயாளிகள் சர்வசாதாரணமாகத் தப்பி ஓடக்கூடிய இடத்தில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று தாங்களே யோசியுங்கள். கடிதம் கண்டவுடன் புறப்படவும். இராமலட்சுமிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தங்களுக்கும் என் மனப்பூர்வமான ஆசிகள்.

இப்படிக்கு,
தில்லைநாயகம்

பின்குறிப்பு: இதை முடிக்கையில் டாக்டர் வந்தார். இடது கையைத் தூக்குங்கள், சரியாக இருந்தால் இந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். நேற்று சாரத்தை விடாத கை, இன்று தொங்கினது தொங்கினபடியே இருந்தது. சுகிர்தம் ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். துல்கர்னைன் இன்று காலையிலிருந்து என் பெயரைச் சொல்லிப் பார்க்கிறார். "தில்லை" வரைக்கும் வந்துவிட்டார், "நாயகம்" இன்னும் வரவில்லை. அதற்குள் தாங்கள் வந்து நிற்க வேண்டாம்.