முழங்கால் போய்விட்டது என்று ஒரு சான்றிதழ்

கோர்னாலியா,
செப்டம்பர், ஞாயிறு மதியம்

மதிப்பிற்குரிய மைத்துனர் டாக்டர் அகீல்லெ அவர்களின் சமூகத்துக்கு,

ஒரெஸ்தெ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை நீவெஸ் சௌக்கியம், மகள் ஜினேவ்ரா சௌக்கியம், எலுமிச்சை மரம்கூட இந்த வருடம் சௌக்கியம். என்னைப் பற்றித்தான் கீழே எழுதப் போகிறேன். ஜெனோவாவில் தாங்களும் தங்கள் துணைவியாரும் உடல் நலத்தோடும், மாடி வீட்டுக்காரரின் பியானோ தொல்லை இல்லாமலும் இருக்க வேண்டுகிறேன்.

டாக்டரைக் குடும்பத்தில் வைத்துக்கொண்டும் இத்தனை வருடத்தில் உங்களிடம் ஒரு தலைவலி மாத்திரைகூட நானாகக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். "ஒரெஸ்தெயின் இரண்டு முழங்கால்களும் போய்விட்டன, இனி இவர் மலைப்பாதையில் ஓடவோ, ஓடுகிறவர்களுக்குப் பின்னால் போகவோ கூடாது" என்று தங்கள் முத்திரையோடு ஒரு சான்றிதழ் வேண்டும். முழங்கால்கள் உண்மையில் இன்னும் போகவில்லை. போவதற்குள் வந்துவிட்டால் நல்லது என்பதால்தான் அவசரம். இந்த நாட்டில் ஓடுவதற்கும் டாக்டர் சான்றிதழ், ஓடாமல் இருப்பதற்கும் டாக்டர் சான்றிதழ். நான் வேறு யாரிடம் போவேன்?

ஜினேவ்ரா ஸ்டுட்கார்ட் வேலையை விட்டு ஊருக்கு வந்து தொடங்கியிருக்கும் தொழில் தங்களுக்குத் தெரியும். வடக்கு நாடுகளிலிருந்து ஆட்கள் விடுமுறைக்கு வருவார்கள். வந்தவர்களைக் கடலோர மலைப்பாதையில் ஊர் ஊராக ஓடவிட வேண்டும், அதுதான் அவர்களுக்கு விடுமுறை. கழுதைகூட நின்று யோசித்துக் கால் வைக்கிற பாதை அது. ஒரு பக்கம் திராட்சைத் தோட்டத்துக் கல்சுவர், இன்னொரு பக்கம் நேராகக் கடல். ஓடட்டும், எனக்கென்ன என்று நானும் பால்கனியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் காப்பீட்டுக்காரர்கள் முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒரு வழிகாட்டி இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். பின்னால் வருகிறவருக்கு இந்தத் தொழிலில் துடைப்பம் என்று பெயர், பாதையில் யாரும் மிச்சமில்லாமல் கூட்டிக்கொண்டு வருவதால். துடைப்பமாக இருந்த ஆள் ஜூன் மாதம் சார்தீனியாவில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். "அப்பா, நீங்க சும்மா பின்னால வந்தாப் போதும், ஓடவே வேணாம்" என்றாள் ஜினேவ்ரா. அவள் முகத்தைப் பார்த்தேன். ஆள் கிடைக்காவிட்டால் கடையை மூடிவிட்டு மறுபடி ஸ்டுட்கார்ட்டுக்கே போய்விடுவாள் என்று பயமாக இருந்தது. சரி என்று சொன்னேன். மறுநாள் முதுகில் துடைப்பம் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த ஆரஞ்சு பனியன் ஒன்று வந்தது. அதைப் போட்டுக்கொண்டு சதுக்கத்தைக் கடந்தபோது முடி வெட்டுகிற எர்மெஸ் கத்தரியோடு வாசலுக்கே வந்து, "ஒரெஸ்தெ, எங்க கடையையும் ஒருதரம் கூட்டிட்டுப் போயேன்" என்றான். சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர்கள் சோப்பு நுரையோடு சிரித்தார்கள்.

மைத்துனரே, இந்த வேலையில் யாரும் யோசிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. துடைப்பம் எல்லோருக்கும் பின்னால் வர வேண்டும் என்பது சரிதான், ஆனால் விருந்தாளிகளில் ஆக மெதுவான ஆள்கூட என்னைவிட வேகம். முதல் நாள் இரண்டாவது வளைவிலேயே கடைசி முதுகும் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு நானும் பல்லிகளும்தான். தனி ஆளாக மூச்சிரைத்துக்கொண்டு பொர்த்தோ செலீனா போய்ச் சேர்ந்தபோது அவர்கள் குளித்து, தலை துவட்டி, ஐஸ்கிரீமும் தின்று முடித்திருந்தார்கள். நான் வாழ்க்கை முழுவதும் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன். அந்த மலைக்குள் ஒரு சுரங்கம் இருக்கிறது, சுரங்கத்துக்குள் ஒரு ரயில் போகிறது, கையில் வாங்கிய காபியின் சூடு ஆறுவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடுகிறது. மேற்கொண்டு நான் எழுத வேண்டுமா? இரண்டாம் நாளிலிருந்து, கூட்டம் முதல் வளைவில் திரும்பியதும் நான் படியிறங்கி ஸ்டேஷனுக்குப் போய்விடுவேன். டிக்கெட்டை முறையாக இயந்திரத்தில் முத்திரை குத்தித்தான் ஏறுவேன், அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. வயர்லெஸ்ஸில் ஜினேவ்ரா, "அப்பா, பின்னால எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்பாள். "எல்லாரும் எனக்கு முன்னாலதாம்மா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, பொர்த்தோ செலீனா ஸ்டேஷன் பெஞ்சில் கால் நீட்டிக்கொள்வேன். கடைசி விருந்தாளி இறங்கி வந்ததும் கழுத்தில் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, பின்னாலேயே வந்து சேர்வேன். இது ஜினேவ்ராவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

அடுத்தது உங்கள் தங்கை. பாதை எங்கள் வீட்டுக்குக் கீழே போவதால், டென்மார்க்கிலிருந்து வந்த கூட்டத்தை முதல் நாள் மதியம் அங்கே நிறுத்தலாம் என்று மகள் சொன்னாள்; அன்று மட்டும் நான் ரயிலேறவில்லை. ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி பாதாமும் போதும் என்பது அவள் கணக்கு. நீவெஸ் துளசி அரைத்த பெஸ்தோ போட்ட பாஸ்தா, மசாலா திணித்த நெத்திலி, பொரித்த பூசணிப்பூ, அதற்கு மேல் ஒரு முயல் என்று மேசையை நிரப்பி வைத்தாள். அதிலும் தப்பில்லை. சாப்பிட்டு முடித்து அவர்கள் காலணிக் கயிற்றைக் கட்டத் தொடங்கியபோதுதான் இவள் வாசலில் கையை விரித்து நின்றுவிட்டாள்.

"ஜீரணமாகாம எங்க ஓடுறது? வயித்துல அவ்வளவையும் வச்சிக்கிட்டு ஓடினா ரத்தம் உறைஞ்சு அங்கேயே விழுவாங்க."

"அம்மா, அவங்க ஓடத்தான் வந்திருக்காங்க."

"ஓடட்டும். மூணு மணி நேரம் கழிச்சு ஓடட்டும். வேர்வையோட மேட்டுக்குப் போயி காத்து அடிச்சிருச்சுன்னா? அவங்க அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது, நீயா?"

"அந்தப் பெரியவருக்கு அறுபத்தெட்டு வயசும்மா."

"அப்ப அவரு பெண்டாட்டிக்கு."

தாங்களே அதே வீட்டில் வளர்ந்தவர். உங்கள் தாயார் சாப்பாட்டுக்குப் பிறகு உங்களைக் கணுக்கால் அளவுக்குக்கூடக் கடலில் இறங்க விடமாட்டார்களாமே. டாக்டருக்குப் படித்த பிறகும் தங்களால் அதை எதிர்த்துப் பேச முடிந்ததில்லை என்று நீவெஸ் பெருமையாகச் சொல்வாள். டேனிஷ்காரர்கள் எம்மாத்திரம்? எலுமிச்சை மரத்தடியில் வரிசையாகப் படுத்து வாயைத் திறந்து தூங்கினார்கள். ஜினேவ்ரா கல்சுவரில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, படுக்க இடம் கிடைக்கவில்லையே என்றும் இருந்தது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தால் நான் தங்களைத் தொந்தரவு செய்திருக்கமாட்டேன். போன வியாழக்கிழமை வந்தது. நான் வழக்கம்போலக் காலை வண்டியில் போய், பெஞ்சில் கண் அயர்ந்து, ஸ்டேஷன் காபிக் கடைக்காரி மிரெல்லா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மாலையில் கூட்டம் இறங்கி வந்தது. ஜினேவ்ரா தலையை எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள். ஃப்ளெம்மிங் இல்லை. ஃப்ளெம்மிங் என்பவர்தான் அந்த அறுபத்தெட்டு வயதுக்காரர். கோபன்ஹேகனில் பல் டாக்டராக இருந்தவர், நெட்டையாக, பேசாமல், எதற்கும் சிரித்துக்கொண்டே இருப்பார்.

"அப்பா, ஃப்ளெம்மிங் உங்களுக்கு முன்னாலதானே வந்தாரு?"

"ஆமாம்மா. பின்னாலயே வந்துக்கிட்டிருக்காரு."

நான் சொன்னது எனக்கே விளங்கவில்லை. அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு, "நான் இவங்களக் குளிக்கக் கூட்டிட்டுப் போறேன். நீங்க போயி அவரைக் கூட்டிட்டு வந்துருங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் மறுபடி ஸ்டேஷனுக்கு விரைந்தேன். நான் கண் அயர்ந்திருந்தபோது மாட்டியிருக்கிறார்கள், மதியத்திலிருந்து வேலைநிறுத்தம் என்று அட்டை தொங்கியது. எத்தனையோ வேலைநிறுத்தத்தில் கொடி பிடித்து முன்வரிசையில் நின்றவன் நான். பயணிகளுக்கு இதனால் என்ன கஷ்டம் வந்துவிடப்போகிறது என்று மேடையில் பேசியும் இருக்கிறேன். வீட்டுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

அதனால் ஓடினேன், மைத்துனரே. உங்கள் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்ட நாள் முதல் ஓடாதவன், அந்த ஆரஞ்சு பனியனோடு செங்குத்துப் படிகளில் ஓடினேன். ஒவ்வொரு வளைவிலும் கீழே எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் பாறை மேல் மஞ்சளாக ஏதோ கிடந்தது, ஃப்ளெம்மிங்கின் சட்டையும் மஞ்சள், உற்றுப் பார்த்தால் யாரோ உலர்த்திய மீன்வலை. அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். திராட்சைத் தோட்டத்திலிருந்து ஜெரோலமோதான் தலையைத் தூக்கினான். "என்ன ஒரெஸ்தெ, வண்டியத் தவறவிட்டுட்டியா?" என்று கேட்டான். அவன் எந்த வண்டியைச் சொல்கிறான் என்று கேட்க எனக்கு மூச்சில்லை. அந்த மனிதர் விழுந்திருந்தால் அது என்னால்தான், மகள் தொழிலும் என்னால்தான் போகும், அவளும் போய்விடுவாள் என்பதையே நினைத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் வீட்டையும் தாண்டி, மேட்டுக் கோயில்வரை போய்ப் பார்த்தேன். யாருமில்லை. இனி போலீசுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தள்ளாடி இறங்கி வீட்டுக்குள் நுழைந்தேன்.

ஃப்ளெம்மிங் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் கம்பளி பனியன் போட்டிருந்தார். இரண்டு கால்களும் உப்புப் போட்ட வெந்நீர் வாளியில் இருந்தன. மடியில் தட்டை வைத்துக்கொண்டு நீவெஸோடு சேர்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து வழக்கம்போலச் சிரித்தார்.

"கெண்டைக்கால் பிடிச்சிருச்சாம், வேர்த்துக் கொட்டிக்கிட்டு நின்னாரு. அப்படியே விடச் சொல்றீங்களா?" என்றாள் உங்கள் தங்கை. "ஏன் இப்படி நனைஞ்சு கெடக்கீங்க? மொதல்ல கதவைச் சாத்துங்க, காத்து வருது."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, துடைக்கவும் தெம்பில்லை. ஃப்ளெம்மிங் ஒரு அவரைக்காயை நீட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

இதுதான் நடந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னும் என்னால் கக்கூஸ் படி ஏற முடியவில்லை. அடுத்த வாரம் பெல்ஜியத்திலிருந்து ஒரு கூட்டம் வருகிறது. நான் சோர்ந்துவிட்டேன். சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள், பயந்துவிட்டேன். அடுத்த ஆள் நிஜமாகவே பாறையில் கிடந்தால் என்ன செய்வது? வேண்டாம் என்று மகளிடம் நேராகச் சொன்னால் ஏன் என்று கேட்பாள், ஏன் என்று சொன்னால் ரயில் வெளியே வந்துவிடும். டாக்டர் சொன்னார் என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள்.

மாதா தங்களையும் தங்கள் இல்லத்தையும் காக்கட்டும். துணைவியாருக்கு என் மரியாதை. பியானோக்காரருக்கும் நல்ல புத்தி உண்டாகட்டும்.

தங்கள் அன்பும் களைப்பும் மிக்க,
ஒரெஸ்தெ

பின்குறிப்பு: தபால்பெட்டிவரை இறங்க என்னால் முடியவில்லை. ஒட்டி நீவெஸிடம் கொடுக்கிறேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அண்ணா, பிரிச்சிட்டேன். நீவெஸ் எழுதறேன். இவர் கேக்கற சான்றிதழை அனுப்பாதீங்க. ரயில் விஷயம் இவர் மொதத் தடவை ஏறின அன்னிக்கே ஜினேவ்ராவுக்குத் தெரியும், மிரெல்லா போன் பண்ணிச் சொல்லிட்டா. அதனாலதான் ஜினேவ்ரா தோட்டத்துக்காரங்க எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கா, ஜெரோலமோவும் மத்தவங்களும் போற ஆளை எண்ணி அவளுக்குச் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. ஃப்ளெம்மிங்குக்குக் கால் பிடிச்சதும், வீட்டுல வச்சிருங்கம்மான்னு சொன்னதே அவதான். அன்னிக்கு ஸ்டிரைக்குன்னும் அவளுக்குத் தெரியும். போன் அடிச்சது, பேரைப் பாத்துட்டு நான்தான் எடுக்கலை.

மார்ச்சுல இவரைச் சோதிச்சிட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னீங்களே, இவரை எப்படியாவது நாற்காலிய விட்டு எழுப்பு, இல்லேன்னா அந்த இதயம் ரொம்ப நாள் தாங்காதுன்னு. நேத்து நாடி பிடிச்சுப் பாத்தேன், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே. நல்லா அடிக்குது. ஓடலாம்னு ஒரு சான்றிதழ் எழுதி அனுப்புங்க, காப்பீட்டுக்காரன் கேக்கறானாம்.

வியாழக்கிழமை இவர் நம்ம ஜன்னலுக்குக் கீழதான் ஓடினாரு, அழுதுக்கிட்டே. ஒரு குரல் குடுத்திருந்தா நின்னிருப்பாரு. நான் ஜன்னல் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு, அவர் கோயில் மேடு ஏறி முடிக்கிறவரைக்கும் வாயைத் திறக்கலை, அண்ணா.