மூன்று ஷிப்டில் ஒரு எஞ்சின்

இந்திய தேசத்தில் இதுவரை பிரித்து மாட்டப்பட்ட லாரி எஞ்சின்களிலேயே, மிகுந்த ஒழுங்குமுறையோடு மாட்டப்பட்டது எங்களுடையதுதான். 1963 ஆகஸ்டில், கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில், எங்கள் விறகுக் கடையின் பின்புறத்தில் இந்தச் சாதனை நிகழ்ந்தது. எழுத்துபூர்வமான ஆதாரம் இருக்கிறது. எழுதியவள் நான்.

என் தந்தை ஜம்புலிங்கத்துக்கு, அதாவது நைனாவுக்கு, சுரங்கத்துக்குத் தாங்குமரம் ஏற்றிச் செல்லும் ஒப்பந்தம் கிடைத்திருந்தது. திங்கள் காலை ஆறு மணிச் சங்கு ஊதும்போது லாரி நந்திதுர்க் சுரங்க மரக்கிடங்கின் வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒப்பந்தம் வேறு ஆளுக்கு. லாரியோ புதன்கிழமை நீலப் புகை கக்கிவிட்டு மேடு ஏற மறுத்தது. பங்காருப்பேட்டை மெக்கானிக் பத்து நாள் கேட்டார்.

நைனா கூட்டம் கூட்டினார். வந்தவர்கள் மூவர். சுரங்கத்துக்குள் ஆட்களைக் கொண்டுபோகும் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் ராஜப்பா. பாறைக்கு வெடி வைக்கும் ஏனோக். சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கும் ஏசுபாதம். மூவரும் அதுவரை ஒரு எஞ்சினையும் திறந்து பார்த்ததில்லை. இதை யாரும் ஒரு குறையாகக் கருதவில்லை. ஒன்பதாயிரம் அடி இறங்கி ஏறுகிறவர்களுக்கு மூன்றடி எஞ்சின் எம்மாத்திரம்? வீட்டிலேயே பிரிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அம்மா கங்கம்மா மட்டும், மாட்டுவது பற்றித் தீர்மானம் உண்டா என்று சமையலறையிலிருந்து கேட்டாள். அது நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

வேலை மூன்று ஷிப்டாகப் பிரிக்கப்பட்டது. சுரங்கத்தில் உள்ளபடியே, ஷிப்டில் நடந்ததை எழுதிக் கையெழுத்து வாங்கும் லாக் புக் வைக்கப்பட்டது. நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவள், ஆகவே என் எழுத்து சுத்தமாக இருக்கும் என்று நைனா முன்மொழிந்தார். எனக்கு அடுத்தவர் முன் குரல் எழும்பாது. எழுத மட்டும் வரும். ஆகவே பதவியை ஏற்றேன்.

முதல் ஷிப்ட் ராஜப்பாவுடையது. எஞ்சினை அடியிலிருந்து பிரிக்க, லாரிக்குக் கீழே ஒரு பள்ளம் தேவைப்பட்டது. நாலடி போதும். ஆனால் தோண்டியவர்கள் கோலார் தங்கவயல்காரர்கள். மண் இளக்கமாக இருந்த சந்தோஷத்தில் எட்டடி இறங்கிவிட்டார்கள். ஏசுபாதம் தாமாகவே வந்து நாலு பக்கமும் மரம் கொடுத்து, ஏணியும் வைத்தார். உள்ளே நின்று கை நீட்டினால் எஞ்சின் எட்டவில்லை. பள்ளத்துக்குள் எங்கள் சாப்பாட்டு மேஜை இறக்கப்பட்டது.

பிறகு ராஜப்பா ஆறு பிஸ்டன்களையும் கழற்றினார். ஒவ்வொரு பிஸ்டன் தண்டின் அடியிலும் கிராங்க் என்ற சுழலும் அச்சைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு மூடி ஒன்று உண்டு. தண்டிலும் மூடியிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ராஜப்பா மூடிகளை ஒன்று முதல் ஆறு வரை சாக்கின் மேல் வரிசையாக வைத்துவிட்டு, குளிக்கப் போனார்.

இரண்டாம் ஷிப்டுக்கு ஏனோக் வந்தார். சுரங்கத்தில் ஒரு ஷிப்ட் பாறையை உடைக்கும். அடுத்த ஷிப்ட் வந்ததும் முதல் காரியமாகத் தரையில் கிடப்பதையெல்லாம் அள்ளித் தள்ளும். முப்பது வருடப் பழக்கம். ஏனோக் சாக்கின் நாலு முனையையும் பிடித்துத் தூக்கி, மூடிகளை மண்ணெண்ணெய் வாளியில் கவிழ்த்தார்.

"போன ஷிப்ட்டுக்காரன் இன்னா, எல்லாத்தியும் அப்டியே போட்டுட்டுப் பூட்டான்" என்றார்.

பிஸ்டன்கள் வாளியில் நுழையாததால் தப்பின. அவற்றுக்குப் புது வளையம் மாட்டி, தண்டோடு இறக்கினார். நான் எழுதினேன்: 'மூடிகளில் எண் உள்ளது. அந்தந்த எண் அந்தந்தத் தண்டில்தான் சேர வேண்டும். தற்போது அனைத்தும் வாளியில்.' ஏனோக் கையெழுத்திட்டார்.

மூன்றாம் ஷிப்டுக்கு வந்த ஏசுபாதம், வாளிக்குள் கைவிட்டு, கைக்கு வந்த மூடியை எதிரே இருந்த தண்டில் வைத்து முடுக்கினார். நான் எழுதினேன்: 'மூன்றாம் மூடி ஐந்தாம் தண்டில். ஆறாம் மூடி இரண்டாம் தண்டில். கிராங்க் சுற்றாது.' 'சுற்றாது' என்பதன் கீழ் கோடும் போட்டேன். ஏசுபாதம் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, எழுத்து முத்து முத்தா கீது" என்று கையெழுத்திட்டார்.

நான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

ஞாயிறு காலை, கோயில் பூசையும் சர்ச் ஆராதனையும் முடிந்தபின் தொடக்க விழா. ரேடியேட்டருக்கு மாலை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஏனோக் ஒரு ஜெபம் சொன்னார். நைனா ஸ்டார்ட்டரை அழுத்தினார். 'டிக்' என்றது. எஞ்சினைக் கையால் சுற்றும் கம்பியை முன்னால் போட்டு மூன்று பேர் சுழற்றினார்கள். கம்பி நின்ற இடத்தில் நின்றது. மூன்று பேரும் தொங்கினார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை.

நைனா மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். நாளைக் காலை ஆறு மணிக்கு அந்த வாசலில் வேறொருவர் லாரி நிற்கும் என்று யாரிடமோ போலச் சொன்னார்.

உடனே விசாரணைக் குழு அமைந்தது. தவறு எந்த ஷிப்டில் நேர்ந்தது என்று கண்டறிய லாக் புக் வரவழைக்கப்பட்டது. அன்றுதான் அது முதன்முதலாக வாசிக்கப்பட்டது. குழு பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டியது. பிறகு ராஜப்பா தொண்டையைச் செருமினார்.

"ஜம்பு, சொன்னா வருத்தப்படாத. மூணு ஷிப்ட்லயும் நடந்த தப்பெல்லாம் ஒரே ஆள் எழுத்துல கீது."

மற்ற இருவரும் எட்டிப் பார்த்து, உண்மைதான் என்றார்கள்.

"தெரிஞ்சிருந்தா வாயத் தொறந்து சொல்றதுதான பாப்பா?" என்றார் ஏனோக், நிஜமான வருத்தத்தோடு.

"எழுதியிருக்கேன்" என்றேன். அந்த மூன்று நாளில் நான் உரக்கச் சொன்னது அது ஒன்றுதான்.

"எழுதறது யாரு வேணாலும் எழுதலாம்" என்றார் ஏசுபாதம்.

குற்றவாளியே சரிசெய்ய வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. குழு சாப்பிடப் போனது. நான் ஏணி வழியே இறங்கினேன். சாப்பாட்டு மேஜை மேல் மணை போட்டு ஏறி நின்றேன். அம்மா இன்னொரு மணையில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். எண்களை உரக்கப் படித்தாள். அவளுக்குப் படிக்கத் தெரிந்தது எண்கள் மட்டுமே. அதுவே அந்த எஞ்சினுக்குப் போதுமாக இருந்தது. பன்னிரண்டு போல்ட்டுகள். விளக்கு வைக்கும் நேரத்தில் கிராங்க் என் ஒரு கைக்குச் சுற்றியது.

திங்கள் காலை, சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிடம் முன்பே லாரி நந்திதுர்க் வாசலில் நின்றது. நைனாவோடு ராஜப்பா, ஏனோக், ஏசுபாதம் மூவரும் மாலையணிந்து ஏறிப் போயிருந்தார்கள். எனக்கு இடம் இல்லை.

அன்று மாலை குழு மீண்டும் கூடி, லாக் புக்கின் கடைசிப் பக்கத்தில் இவ்வாறு தீர்மானித்தது: 'மேற்படி எஞ்சின் மூன்று ஷிப்டுகளின் அயராத உழைப்பால் ஓடுகிறது. பிழை செய்தவர் தாமே திருத்திக்கொண்டபடியால், வயதை உத்தேசித்து மன்னிக்கப்படுகிறார்.'

மூவரும் கையெழுத்திட்டார்கள். நைனாவும் இட்டார். வாசகத்தை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியவள் நான்தான். எழுத்து முத்து முத்தாக இருப்பதாக இம்முறையும் சொன்னார்கள்.