வியாழக்கிழமை பத்து முதல் பன்னிரண்டு வரை

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நம் சண்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

உன் அக்காவுக்கு மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. பதறாதே, இப்போது உட்காருகிறாள், சாப்பிடுகிறாள், என்னை முறைக்கிறாள். உனக்குச் சொல்லாதது என் தப்புதான். ஆனால் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனை, நான் ஓட்டிய காரிலேயே உட்கார்ந்துகொண்டு, "என்ன அத்தான், ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா நிக்கிறீங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டாயே, ஆறு வருஷமானாலும் ஆறுமா?

ஆஸ்பத்திரியில் முதலில் வந்த சமூகப் பணியாளர், "சொந்தக்காரங்களைக் கூப்பிடாதீங்க ஐயா, ஆளுக்கொரு யோசனை சொல்லி வீட்டை ரெண்டாக்கிடுவாங்க" என்றார். தங்கமான மனுஷன் என்று நினைத்தேன். அவரை மாற்றிவிட்டு ஓர் அம்மாவை வீட்டுக்கே அனுப்பினார்கள். இந்த அம்மா வந்ததும் ஒரு தாளை நீட்டி, உதவிக்கு வரக்கூடிய உறவுகளை எழுதச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் என்று எழுதினேன். "அவரு சொந்தமா?" என்றார். "தினமும் பாக்கிறேனே, வேற என்ன வேணும்?" என்றேன். அவர் என்னிடம் வாதாடவில்லை. பென்சிலை உன் அக்காவின் இடது கையில் கொடுத்துவிட்டார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு "தம்" என்று இரண்டு எழுத்தைக் கோணலாகப் போட்டாள். அதற்கு மேல் முடியாமல் என்னைப் பார்த்தாள்.

"தம்பி இருக்காரா?"

"அவளுக்கு இருக்கான். எனக்கு இல்ல."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "ஐயா, மூணு மாசமா ஒண்டியா பாக்கிறீங்க. நீங்களும் விழுந்தா நான் ரெண்டு ஃபைல் திறக்கணும்" என்று சொல்லி, வியாழக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அக்காவைப் பார்த்துக்கொள்ள உன் பெயரைப் போட்டுவிட்டார். அந்த நேரம் நான் வெளியே போய்விட வேண்டுமாம். நான் எங்கேய்யா போவேன்? அவளுக்குச் சடை யார் பின்னுவா? ஸ்டியரிங் பிடித்த கை, பின்னினால் சடை வலது பக்கம் திரும்புகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவளுக்கு அது பழகிவிட்டது.

ஆகவே நீ வர வேண்டாம். அந்த அம்மா போன் பண்ணினால் வருவதாக மட்டும் சொல்லிவிடு, போதும். நாங்கள் சமாளித்துக்கொள்வோம்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். "வர வேண்டாம்" என்ற இடத்தில் தாளைப் பிடுங்கிக் கசக்கிவிட்டு அழுதாள். படுத்ததிலிருந்து அவள் அழுதது இதுதான் முதல் தடவை. நீவித்தான் அனுப்புகிறேன். வியாழன் வரைக்கும் எதற்கு, கடிதம் கிடைத்ததும் கிளம்பி வா. பேச ஆள் இல்லாமல் எனக்கும் முடியவில்லை, மச்சான்.